இரண்டாம் டோக்கன்

"ஒரு கையெழுத்துதானே அண்ணி கேக்கறேன், உங்க நகையையா…"

"'தானே'ன்னு இழுக்காதே. அது என்ன கோழிக் கிறுக்கலா, கேட்டவுடனே…"

"உங்க நகையையா கழட்டிக் கேட்டேன்? எத்தனை நாளா இந்தக் காகிதம் உங்க மேசையில தூங்குது!"

"அது நல்லாத்தான் தூங்குது. அதைப் பார்த்துப் பார்த்து நான்தான் தூங்கலை."

"நேத்து குழம்புல உப்பு பத்தலைன்னு சொன்னேனே, அதுக்குத்தானே இந்தப் பழி?"

"அடி போடி! உப்புக்கும் உன் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கணும்னு நீதானே சட்டம் போட்டே?"

"சட்டத்தை முதல்ல மீறினது யாரு? நானா, நீங்களா?"

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், தரப்பிரிவு என்று பலகை மாட்டிய அறைக்குள் நடந்த சண்டை இது. கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்கு மேலே காற்று வர ஒரு சந்து விட்டிருந்தார்கள். காற்று வருகிற வழியில் வார்த்தை போகாதா? வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அந்த ஓரடி இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துப் பளிங்காக்கிக்கொண்டிருந்தார்.

கையெழுத்து கேட்டவள் கீழ்த்தளத்து மருந்தகத்தின் தலைவி. குள்ளமான ஆள், கூர்மையான நாக்கு. கடுகு என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். மறுத்தவள் அவளுடைய அண்ணன் மனைவி. எந்தப் பிரிவு எதை மாற்றினாலும் அவள் கையெழுத்து விழுந்தால்தான் அது செல்லும் என்பதால் அவளுக்குப் பூட்டு என்று பேர். கடுகுக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லாமல் போய்விட்டது. அண்ணன் வீட்டு மாடியறைதான் அவள் வீடு. ஆக, பூட்டும் கடுகும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பேருந்தில் வந்து, வேறு வேறு மாடியில் இறங்கிக்கொள்கிறவர்கள்.

"சரி, நிதானமாவே பேசுவோம்" என்று கடுகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முன்னே ஒருத்தர் மருந்து வாங்க எவ்வளவு நேரம் காத்திருந்தார்? முக்கால் மணி. இப்ப? கால் மணி. அதுதான் முதல் அளவு. அது குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது. நான் இல்லேங்கலையே."

"துணை அளவுன்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்க. வேகம் கூடினதால வேற எதுவும் கெட்டுப்போகலைன்னு அதுல காட்டணும். தப்பு மருந்து போகுதான்னு பார்த்தேன். ஒண்ணுகூட கூடலை. அதையும் எழுதிட்டேன். அப்புறம் என்ன?"

"நீ எதைக் குறைச்சு நேரத்தைக் குறைச்சே?"

"அலமாரியை மாத்தினேன். அடிக்கடி போற மருந்தெல்லாம் கைக்கெட்டற தூரத்துல. ஏணியைத் தூக்கி வெளியே போட்டேன்."

"அப்புறம்?"

"ஜன்னல்ல பேச்சைக் குறைச்சேன். எதை எப்போ சாப்பிடணும்னு பையிலேயே சீட்டு ஒட்டிடறோம். வாயால சொல்றது மிச்சம்."

"அங்கதான் நிக்கறேன் நான். பேச்சை எடுத்துட்டே. அந்தப் பேச்சு அதுவரைக்கும் என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்துது? அதை அளந்தியா?"

"ஒரு புகாரும் வரலை அண்ணி!"

"புகார் வரலைங்கறது ஒரு அளவா? துணை அளவுங்கறது நாத்தனார் மாதிரிடி. வீட்டுல யாரும் அவளை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. கேக்காம விட்டா வீடு ரெண்டாயிடும்."

"நான் எப்போ உங்க வீட்டை ரெண்டாக்கினேன்?"

"கேட்டுக்கிட்டே இருக்கேனே, அதனாலதான் ஒண்ணா இருக்கு."

கடுகுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் தோற்றதாகிவிடும். எழுந்தாள். "நாளைக்குக் காலையில பெரிய டாக்டர் முன்னாடி இது போகணும். புது ஆஸ்பத்திரிக்கு என் ஜன்னலைத்தான் மாதிரியா வைக்கப்போறாராம். அங்க மருந்தகத் தலைமையும் எனக்குத்தான்னு வாயாலேயே சொல்லிட்டார். அடித்தளத்துல ஒத்தை ரேக்கோட ஆரம்பிச்சவ நான். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை முழுசா என் கையால ஒரு மருந்தகத்தை எழுப்பணும்னு நினைக்கறேன். அதுவும் உங்க பேனாவுலதான் மாட்டிக்கிட்டு நிக்குது. நான் இப்பவே போய் அந்தக் கூடத்துல உட்கார்ந்து பார்க்கறேன். குறை ஒண்ணும் இல்லேன்னா என்ன செய்வீங்க?"

"போட்டுட்டுப் போறேன்."

"தலைகீழா நின்னு போடணும்."

"இந்த இடுப்புக்கா?" என்றாள் அண்ணி.

கீழே வந்தவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். மருந்துக்கூடத்தின் நீள பெஞ்சில், கடைசி வரிசையில், யாரோ போல உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து தன் மருந்தகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பார்த்ததும் நெஞ்சு விம்மியது உண்மை. முன்னெல்லாம் இந்தக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை அழும், கிழவர் இருமுவார், யாராவது ஒருவர் கண்ணாடியைத் தட்டிச் சத்தம் போடுவார். இன்று பெஞ்சில் பாதி காலி. உள்ளே அவளுடைய ஆட்கள் தட்டை இழுப்பதும் மாத்திரை அட்டையை வைப்பதும் சீட்டை ஒட்டுவதும் தறியில் நாடா ஓடுவது போல ஓடியது. ஒரு கை இன்னொரு கையில் இடிக்கவில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இது பொன் குஞ்சேதான், அண்ணி வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது பக்கத்தில் ஒருவர் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். காக்கிச் சட்டை, சட்டைப்பையில் வாகனச் சாவி. லாரி ஓட்டுகிறவர் என்று முகமே சொன்னது. மடியில் மருந்துப்பை.

"என்னம்மா, உங்களுக்கும் சந்தேகமா?" என்றார்.

"எனக்கென்ன சந்தேகம்?"

"இல்ல, மருந்து வாங்கறவங்க முன்வரிசையில இருப்பாங்க. சந்தேகம் கேக்கறவங்க நாங்க பின்வரிசை." பையைப் பிரித்துக் காட்டினார். "பாருங்க, ரெண்டும் வெள்ளை, ரெண்டும் வட்டம். சீட்டு ஒட்டியிருக்காங்க. ஆனா எது எதுக்குன்னு எனக்கு விளங்கலை. வீட்டுக்காரிக்கு மருந்து. நான் தப்பா கொடுத்தா அவ என்னைச் சும்மா விடுவாளா?"

கடுகின் நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. அதற்குள் அவரே, "நீங்க ஏம்மா கவலைப்படறீங்க? இதோ, இன்னொரு டோக்கன் எடுத்துட்டேன். எடுத்து உட்கார்றதுக்குள்ள கூப்பிட்டுடுவாங்க. அடேயப்பா, என்ன வேகம்! முன்னே ஒரு தடவைக்கே பொழுது போயிடும். இப்ப ரெண்டு தடவை வந்தாலும் சீக்கிரமா வீட்டுக்குப் போயிடலாம். யார் செஞ்சாங்களோ, கையைப் பிடிச்சுக் கும்பிடணும்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, அவர் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனார். ஜன்னல்காரப் பெண் விரலால் காட்டினாள், அவர் தலையாட்டினார், வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே ஒரு கைக்குழந்தைக்காரி, அவளுக்குப் பின்னால் காது கேட்காத ஒருவரும் அவர் மகளும். எல்லோர் கையிலும் ஏற்கெனவே பை இருந்தது. எல்லோர் கையிலும் புது டோக்கன் இருந்தது.

கடுகு விரல்விட்டு அந்த டோக்கன்களை எண்ண ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். டோக்கன் எடுத்த நேரத்தையும் அதை ஜன்னலில் முடித்த நேரத்தையும் இயந்திரம் குறித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் காத்திருப்பு. மருந்து வாங்குகிறவருக்கு உள்ளே தட்டு நிரம்ப வேண்டும், நேரமாகும். சந்தேகம் கேட்கிறவருக்கு நிரப்ப என்ன இருக்கிறது? உடனே கூப்பிட்டு உடனே முடித்துவிடலாம். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்த டோக்கன்கள் சேரச் சேர, சராசரி சரசரவென்று இறங்கியிருக்கிறது. ஜனங்கள் எவ்வளவுக்கெவ்வளவு குழம்பினார்களோ, அவ்வளவுக்கவ்வளவு அவள் எண் அழகாகியிருக்கிறது.

பக்கக் கதவு வழியாக உள்ளே போய் ஜன்னல்காரப் பெண்ணைத் தனியே அழைத்தாள்.

"சந்தேகம் கேக்க வர்றவங்களுக்கு எதுக்கு டோக்கன் கொடுக்கறே?"

அந்தப் பெண் முழித்தாள். "நீங்கதானேக்கா சொன்னீங்க! இடையில நுழையறாங்க, வரிசையில நிக்கறவங்க சண்டைக்கு வர்றாங்க, யாரா இருந்தாலும் திரும்பி வந்தா புது டோக்கன்தான்னு? சுவத்துலகூட எழுதி ஒட்டினீங்களே."

ஒட்டியிருந்தாள்தான். அவள் எழுத்துதான். கடைசியில் ஆச்சரியக்குறி வேறு.

"என்மேல கோபமாக்கா?"

"உன்மேல என்னடி கோபம்? நான் சொன்னதை அச்சுப் பிசகாம செஞ்சிருக்கே. செய்யச் சொன்ன வாயைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

பிற்பகல் முழுக்க இயந்திரத்தின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் குட்டி டோக்கன்களை அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கி எறிந்தாள். எறிய எறிய எண் ஏறியது. கால் மணி என்று மார்தட்டியது, அரை மணிக்குப் பக்கத்தில் போய் நின்றது. முக்கால் மணியோடு ஒப்பிட்டால் இது நல்ல குறைவுதான், அலமாரியும் ஏணியும் செய்த நியாயமான வேலைதான். ஆனால் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது இதை அல்லவே.

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அதையும் அவள் நினைத்துப் பார்த்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அண்ணிக்கே தெரியாது. அண்ணி ஒரு சந்தேகத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறாள். நாளைக் காலை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுச் சமையலறையில் சத்தமே இல்லை. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடுகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு வாசற்படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வீட்டில் சத்தம் இருந்தால் அவருக்குப் பயமில்லை. சத்தம் இல்லாவிட்டால்தான் பயம்.

"ஏன்டி, அவ கேட்ட கையெழுத்தைப் போட்டுத்தான் விடேன்" என்றார் மனைவியிடம்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு அண்ணா" என்றாள் தங்கை.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அளவைப் பத்தி எனக்குத் தெரியாததா? இடுப்பை மட்டும் அளந்து தைச்சா தோள்ல கிழியும்."

"நீங்க எல்லாத்தையும் அளந்து தைச்சதே எனக்கு எல்லா இடத்துலயும் கிழிஞ்சுது" என்றாள் அண்ணி. அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

அண்ணி கத்தியை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

"இங்க பாரு. நானும் யோசிச்சுப் பார்த்தேன். கட்டத்துல துணை அளவு எழுதியிருக்கே. புகார்ப் பெட்டியும் காலி. விதிப்படி உன்னை நிறுத்திவைக்க என்கிட்ட ஒரு காரணமும் இல்லை. மனசுக்கு ஏதோ படுதுங்கறதுக்காக உன் வாழ்க்கையில குறுக்க நிக்க நான் யாரு? காலையில முதல் வேலையா கையெழுத்து போட்டுடறேன்."

"போடாதீங்க."

"என்னது?"

"போடாதீங்கன்னு சொன்னேன்."

"ஏன்டி, காலையில நகையையா கேட்டேன்னு குதிச்சே, இப்ப நானா கொடுத்தா வேணாங்கறே! உன்னைக் கட்டி மேய்க்க…"

"கட்டி மேய்க்க வேணாம், கேளுங்க." ஈரக் கையோடு திரும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னாள். லாரிக்காரரை, பின்வரிசையை, சுவரில் ஒட்டிய காகிதத்தை, பொறுக்கியெடுத்த டோக்கன்களை, ஏறிப்போன எண்ணை. அண்ணி நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அந்த வீட்டு வரலாற்றிலேயே நடந்திராத காரியம்.

"அதுகூட போகட்டும் அண்ணி. திரும்பி வந்தாங்களே, அவங்க கெட்டிக்காரங்க. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. திரும்பி வராமப் போனவங்க எத்தனை பேர்? சீட்டை வெறிச்சுப் பார்த்துட்டு, நமக்கென்ன தெரியும்னு ஒரு குத்துமதிப்பா விழுங்கினவங்க? அவங்களை எந்த இயந்திரம் கணக்கு வெச்சிருக்கு?"

அண்ணி எழுந்து வந்து அவள் முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத் தன் முந்தானையால் ஒற்றினாள்.

"நாளைக்குப் போய் இதைச் சொன்னா புது ஆஸ்பத்திரி உனக்கு இல்லைடி. அந்த மனுஷன் நம்பருக்குத்தான் மயங்குவார்."

"தெரியும்."

"அழுகை வருதா?"

"வருது. வெங்காயம் உரிச்சது நீங்க, அது மேல நான் பழி போட முடியாது."

மறுநாள் காலை பெரிய டாக்டர் அறையில் நீள மேசை. சுவரில் கால் மணி என்று பெரிதாகப் போட்ட படம் ஏற்கெனவே மாட்டியாயிற்று. அதன் கீழே நின்றுகொண்டு, அது பாதிப் பொய் என்று கடுகு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். திரும்பி வந்தவர்களையும் மருந்து வாங்கினவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்தது தன் உத்தரவு, தன் ஆட்கள் தவறல்ல என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நல்லா ஓடற வண்டியில நீங்களே ஏன் ஆணியை வெக்கறீங்க?"

"ஆணி ஏற்கெனவே இருக்கு சார். நான் அதைக் காட்டறேன்."

"சரி, இப்ப என்ன செய்யணுங்கறீங்க?"

"பக்கத்துல ஒரு சின்ன ஜன்னல் திறக்கணும். டோக்கன் கிடையாது. மருந்தைக் கையில கொடுத்து, எதை எப்போன்னு நாம சொன்னா மட்டும் பத்தாது, வாங்கினவங்க நமக்குத் திருப்பிச் சொல்லணும். சரியாச் சொன்னாத்தான் பை அவங்களுது. காத்திருக்கிற நேரம் முதல் அளவு, சரி. அதுக்குப் பக்கத்துலயே, சந்தேகத்தோட திரும்பி வர்றவங்க எத்தனை பேருங்கற ரெண்டாவது அளவையும் எழுதி மாட்டணும். ஒண்ணு இறங்கறப்போ இன்னொண்ணு ஏறினா அது முன்னேற்றம் இல்லை சார். அழுக்கை இந்த அறையிலேர்ந்து அந்த அறைக்குப் பெருக்கித் தள்ளினது."

"அப்போ நேரம் கூடுமே."

"கொஞ்சம் கூடும். கூடினதை வேற இடத்துல குறைக்கறேன். பேச்சுல கை வைக்க மாட்டேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு அளவும் சேர்ந்து இறங்கற வரைக்கும்."

"புது ஆஸ்பத்திரி அதுவரைக்கும் காத்திருக்காதும்மா. இந்த மாசம் ஆள் போட்டாகணும். உங்களைத்தான் நினைச்சிருந்தேன். இப்போ…" என்று இழுத்தார். "வேற யாரையாவதுதான் பார்க்கணும். வருத்தம் இல்லையே?"

"இருக்கு சார். நிறையவே இருக்கு. ஆனா போறவங்க என் ஜன்னலைத்தானே மாதிரியா எடுத்துட்டுப் போவாங்க? ஓட்டை ஜன்னலை அங்கேயும் மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருபது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துப் பழகிய கடுகுக்கு அதில் இப்போது ஓடுவது என்னவென்று தெரிந்தது. தான் பெற்ற பிள்ளை மேடையேறினால் ஒருத்தி எப்படி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ, அப்படி உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்கும் வயது வித்தியாசம் நான்கே வருஷம். கடுகுக்குக் குதிகாலிலிருந்து ஒரு நிமிர்வு ஏறியது. குள்ளம் என்று யார் சொன்னது?

பெரிய டாக்டர் அண்ணி பக்கம் திரும்பினார். "உங்களைப் பாராட்டணும். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, சொந்த நாத்தனார் திட்டத்துக்கே கையெழுத்து போட மறுத்திருக்கீங்க. அதனாலதானே இது வெளியே வந்துது?"

கடுகு அண்ணியைப் பார்த்தாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பாராட்டு அண்ணிக்கு. அதில் பாதி நியாயமும் உண்டு. சந்தேகத்தைக் கிளப்பியதே அவள்தானே.

அண்ணி பேனாவை மூடி வைத்தாள்.

"முழுசா அப்படி இல்லை சார். நான் முதல்ல முரண்டு பிடிச்சேன், நிஜம்தான். நேத்து சாயங்காலமே இறங்கி வந்துட்டேன். போடறேன்னு நானே சொன்னேன். போடாதீங்கன்னு என்னைத் தடுத்து நிறுத்தினது இவதான். போட்டிருந்தா இன்னிக்கு இவளுக்குப் பதவி, எனக்கு நிம்மதி, உங்களுக்கு இந்தப் படம். யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

பெரிய டாக்டர் சுவரிலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

அண்ணி எழுந்தாள். கடுகின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்தப் புது இடத்துக்கு நீங்க தேடறது நல்ல நம்பரையா, நல்ல ஆளையா?"